சிவப்புக் காரின் நடுக்கம்

குருநகரில் எங்கள் வீட்டு முன்சுவரில் ஒரு பலகை இருக்கிறது. 'யசிந்தா மோட்டோர்ஸ்' என்று நீல நிறத்தில் எழுதியவன் நான். பெயருக்கு உரியவள் என் மனைவி. போன வருடம் ஒக்ரோபரில் அவள் காலமானாள். அவளைப் பற்றி எழுத எவ்வளவோ இருந்தாலும், அந்தப் பலகை ஒருமுறை சுவரை விட்டு இறங்கப் பார்த்த கதையைத்தான் முதலில் எழுத மனம் வருகிறது.

யசிந்தாவின் தகப்பன் கடற்றொழிலாளி. அவருடைய படகு எஞ்சினைப் பன்னிரண்டு வயதிலேயே அவள் கழற்றிப் பூட்டியிருக்கிறாள். பிறகு கொழும்பில் எட்டு மாதம் தங்கி, புதுவகை எஞ்சின்களின் வேலையைப் படித்துவிட்டு வந்து கராஜைத் திறந்தாள். முதல் இரண்டு வருடமும் ஸ்கூட்டிகள்தான் வந்தன. பொம்பிளை கராஜ் என்று பேர். கார் வைத்திருந்தவர்கள் எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் பிலிப்புவின் பெரிய கராஜுக்குப் போனார்கள்.

அப்படியிருக்க ஒருநாள் ஜெயரூபன் தன் சிவப்புக் காரைக் கொண்டுவந்தார். அவர் வட்டுக்கோட்டைக்காரர், சாவகச்சேரி நீதிமன்றத்தில் சட்டத்தரணி. கார் இரண்டுபேர் மட்டும் இருக்கக்கூடிய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். ஏ-ஒன்பது வீதியில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ரயில் கடவையிலோ சந்தியிலோ நின்றுவிட்டால் குளிர்காய்ச்சல்காரனைப்போல நடுங்கத் தொடங்கும். நீதிமன்ற வாசலில், நீதவானின் வாகனம் பின்னால் நிற்க, இரண்டு தரம் நின்றே போய்விட்டது.

பிலிப்பு பிளக்குகளை மாற்றி, பெற்றோல் பீச்சும் இன்ஜெக்டர்களைத் துப்புரவாக்கி, கடைசியில் காரின் கொம்பியூட்டர் பழுது, கொழும்புக்கு ஏற்றவேண்டும் என்று சொல்லிவிட்டாராம். போகிற வழியில் இதையும் பார்ப்போம் என்றுதான் ஜெயரூபன் எங்களிடம் வந்தார். வேடிக்கை பார்க்கப் பிலிப்புவும் பின்னாலேயே மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார்.

யசிந்தா சாவியைத் திருப்பிவிட்டு, ஸ்ரியறிங்கில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். கார் நடுங்கியது. காலால் அக்சிலேற்றரை மெல்ல அமத்தினாள். நடுக்கம் போய் ஒரே சீராக இரைந்தது. காலை எடுத்ததும் மறுபடி நடுங்கியது.

"வேகம் மேலை போனால் நல்லாப் பாடுது. கீழை வந்தால்தான் குலுங்குது," என்றாள்.

"அதைத்தானே தங்கச்சி நானும் ரெண்டு மாதமாச் சொல்லுறன்," என்றார் பிலிப்பு. "நீ கண்ணை மூடிச் செபம் சொல்லிக் கண்டுபிடிச்சிருக்கிறாய்."

அவள் காரை விட்டு இறங்கி வந்தாள். எஞ்சின் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே, காற்று உள்ளே போகும் குழாயில் இருந்த ஒரு சின்ன வயர்த் தொடுப்பைப் பிடுங்கினாள். கார் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. நடுக்கம் அடங்கிச் சாதுவாக உறுமியது.

"கண்டியளோ? உள்ளுக்கை போற காத்தை அளக்கிற கம்பி ஒண்டு இதுக்குள்ளை இருக்கு. அது பொய்க்கணக்குச் சொல்லுது. வேகமா ஓடேக்கை நிறையக் காத்து, சின்னப் பொய் தெரியாது. சும்மா நிக்கேக்கை இழுக்கிறதே கொஞ்சக் காத்து, அதிலை சின்னப் பொய்யும் பெரிசு. அதின்ரை வாயை மூடினவுடனை கொம்பியூட்டர் தன்ரை மனக்கணக்கிலை ஓட்டுது. கொம்பியூட்டர் பழுதெண்டால் இப்பிடி ஓடுமோ?"

"அப்ப என்ன செய்யப் போறாய்?"

"கழுவப் போறன்."

பிலிப்பு சிரித்தார். "கழுவவோ? இதென்ன மீன்சட்டியே?"

"கழுவிச் சரிவராட்டி உந்தப் பலகையை நானே கழட்டிறன், பிலிப்பண்ணை."

வீதியில் போனவர்களும் நின்று கேட்டார்கள். அந்தப் பலகைக்காக அவள் எத்தனை பேச்சுக் கேட்டவள் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு முடியளவுதான் இருக்கும் அந்தக் கம்பி. கை படாமல் மருந்தடித்துக் கழுவி, காயவிட்டுப் பூட்டினாள். ஸ்ராட் பண்ணிவிட்டு, என் கையிலிருந்த பிளேன்ரீக் கிளாசை வாங்கி எஞ்சின் மூடியின்மேல் வைத்தாள். தேநீரில் ஒரு வளையம்கூட எழும்பவில்லை. ஜெயரூபன் குனிந்து கிளாசைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிலிப்பு சத்தமில்லாமல் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கார் திரும்பி வந்தது. அதே நடுக்கம்.

குருநகரில் ஒரு செய்தி பரவ நேரம் தேவையில்லை. அடுத்தநாள் பிலிப்பு மோட்டார்சைக்கிளை நிற்பாட்டாமலே கேட்டுவிட்டுப் போனார்: "தங்கச்சி, ஏணி வேணுமெண்டால் சொல்லு. என்னட்டை நல்ல ஏணி கிடக்கு."

யசிந்தா திரும்பிக் காரிடம் போனாள். கம்பியைக் கழற்றி, கீழே வெள்ளைத்துணி பிடித்து மருந்தடித்தாள். துணியில் மண்ணிறமாக ஊறியது.

"அண்டைக்கு நான் கழுவினனே தவிர, ஊத்தை எங்கையிருந்து வந்ததெண்டு யோசிக்கேல்லை. என்ரை பிழைதான்," என்றாள். துணியை மூக்கருகில் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "இஞ்சருங்கோ, இது என்ன மணம்?"

மணந்து பார்த்தேன். "மாதா கோயில் பெருநாள் பூசை மணம்."

"ஓம், சாம்பிராணி. ஆனா உவர் எங்கடை கோயிலுக்கு வாற ஆளில்லையே."

ஜெயரூபனுக்குத் தொலைபேசி எடுத்து, அவள்தான் சட்டத்தரணிபோலக் குறுக்கு விசாரணை செய்தாள். அம்மா வெள்ளிக்கிழமைகளில் காருக்குச் சாம்பிராணி காட்டுவார், எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்றார் அவர். காரைக் கொண்டுபோகச் சொல்லி, வெள்ளிக்கிழமை பின்னேரம் தான் வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

வெள்ளிவரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் சிலுவை போடுற வேதக்காரி. உங்கடை சாமிப்புகைதான் காரைப் பழுதாக்கினதெண்டு அந்த மனிசிக்கு முன்னாலை நிண்டு எப்பிடிச் சொல்லுறது? சொன்னால் அவமரியாதை. சொல்லாட்டிப் பலகை போகும்."

நான் வேலைசெய்யும் நூலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவளோடு வட்டுக்கோட்டைக்குப் போனேன். ஜெயரூபனின் தாய் செல்வநாயகி அம்மா முழுகி, ஈரத்தலையோடு சிரட்டைத் தணல் போட்ட தூபக்காலுடன் நின்றார். கார் பொனற் மூடி திறந்தபடி, எஞ்சின் ஓடியபடி நின்றது. கார் உயிரோடு இருக்கும்போதுதான் காட்டவேண்டும் என்பது அவருடைய கட்டளையாம்.

சக்கரங்களுக்குக் காட்டினார். முகப்புக்குக் காட்டினார். கடைசியில் தூபக்காலை எஞ்சினுக்கு அருகே, காற்றிழுக்கும் குழாயின் வாயிலேயே பிடித்தார். புகை கயிறுபோலத் திரண்டு உள்ளே போனது.

"பார் பிள்ளை, எப்பிடி இழுத்துக் குடிக்குதெண்டு," என்றார் யசிந்தாவிடம், முகம் மலர்ந்து. "வேறை எந்த இடத்திலை பிடிச்சாலும் புகை அங்காலை இஞ்சாலை போகும். இதிலை பிடிச்சால்தான் சாமி ஏற்கிறார்."

ஜெயரூபன் நெற்றியில் கை வைத்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பினார். நான் யசிந்தாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த அம்மா கடைசிச் சுற்றை முடித்துத் தூபக்காலைக் கீழே வைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பிறகு கம்பியைக் கழற்றிக் கழுவி, துணியை அவரிடமே நீட்டினாள்.

"என்ரை சாம்பிராணியெல்லே மணக்குது," என்றார் செல்வநாயகி அம்மா. முகம் மாறிவிட்டது. "அப்ப நானே பிள்ளையின்ரை காரைப் பழுதாக்கினனான்?"

"பழுதாக்கேல்லை அம்மா. எங்கடை கோயிலிலை பெருநாளுக்குத் தூபம் போடேக்கை முன்வாங்கிலை இருந்தால் எனக்கு இருமல் வரும். அதுக்காகச் சுவாமியாரை நிப்பாட்டச் சொல்லேலுமே? நான் எழும்பிப் பின்வாங்குக்குப் போயிடுவன். இந்தக் கார் எழும்பிப் போகாது. அதாலை, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் காட்டுங்கோ."

"நிப்பாட்டினால் அது சும்மா இரும்பெல்லோ? சாமி ஏற்குமே?"

"நித்திரை கொள்ளுற பிள்ளைக்கு நீங்கள் திருநீறு பூசுறேல்லையோ?"

செல்வநாயகி அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். "உவனுக்கு இப்பவும் நித்திரையிலைதான் பூசுறனான். முழிச்சிருந்தால் ஓடியிடுவான்."

"அம்மா, காணும்," என்றார் சட்டத்தரணி.

முதலில் சிரித்தது செல்வநாயகி அம்மாதான். பிறகு எங்களாலும் அடக்க முடியவில்லை. காற்றை வடிகட்டும் பெட்டியின் மூடி ஒரு பக்கம் சரியாகப் பொருந்தாமல், புகைக்கு நேர்வழி விட்டிருந்ததையும் யசிந்தா கண்டுபிடித்துப் புதுக் கிளிப் போட்டு இறுக்கினாள். அன்று எஞ்சின்மேல் வைத்தது அந்த வீட்டுப் பால்கோப்பியை. பாலாடைகூட அசையவில்லை.

அதன்பிறகு அந்தக் கார் நடுங்கியதில்லை. செல்வநாயகி அம்மா வெள்ளிதோறும் சாம்பிராணி காட்டுவதையும் விடவில்லை. தைப்பொங்கலுக்கு எங்களுக்கு ஒரு சட்டி பொங்கல் வரும், நத்தாருக்கு எங்கள் கேக் வட்டுக்கோட்டைக்குப் போகும். சட்டத்தரணி சொன்ன இந்தக் கதையைச் சாவகச்சேரி நீதிமன்றம் முழுக்கக் கேட்டுச் சிரித்தது. சிரித்தவர்களில் நாலு பேர் தங்கள் கார்களோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தார்கள். வேறொரு நாள் பிலிப்பு, தன்னிடம் வந்த ஒரு வானைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "தங்கச்சி, இதுவும் கீழைதான் குலுங்குது, ஒருக்கால் கண்ணை மூடிப் பாரன்," என்றார். யசிந்தா ஏணியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

வருத்தம் வந்து படுத்து நாலு மாதத்தில் அவள் போய்விட்டாள். கராஜை இப்போது அவளோடு வேலைசெய்த எமில்ராஜ் நடத்துகிறான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அடுத்தநாள் காலை, வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பிலிப்பு முன்சுவரில் ஏணி சாத்தி, ஸ்பானரோடு மேலே நின்றார். ஆள் இல்லாத பெயர் எதற்கு என்று கழற்ற வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வாசலுக்கு ஓடினேன்.

"பிலிப்பண்ணை, அதைத் தொடாதையுங்கோ!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் பலகையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாடைக் காத்துக்கு இளகிப்போய்க் கிடக்கு, தம்பி. ராத்திரி முழுக்க ஆடினது என்ரை வீட்டுக்கும் கேட்டுது." நாலு மூலையையும் இறுக்கிவிட்டு, தோளில் கிடந்த துணியால் எழுத்துகளைத் துடைத்தார். "அந்த நீலப் பெயின்ற் இன்னும் கிடக்கே? உப்புக்காத்திலை 'ய' மங்கிப்போச்சு."

நான் பெயின்ற் எடுக்க உள்ளே போனேன்.