விழிமலரும் பெரிய இறாலும்

கலாநிதி டிலக்ஷன் வெளிநாட்டுப் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மேல்மாடியில் இயங்கிய நெய்தல் தொழில்நுட்ப நிலையம் அவருக்கென்றே ஒரு பிரிவைத் திறந்து கொடுத்தது. 'ஓட்டுநர் பாதுகாப்பு உணரியல் மற்றும் ஊடாடும் காட்சி ஊடகத் தொழில்நுட்பப் பிரிவு' என்று பலகை எழுதினார்கள். பலகை கதவைவிட நீளமாகிப் போனதால், அதன் கடைசிச் சொல் பக்கத்துக் கழிவறைக் கதவுக்கு மேல் போய் நின்றது.

டிலக்ஷன் படித்தது திரையில் பொம்மைகளை ஆட வைக்கும் வித்தை. நிலையத்தின் பணிப்பாளர் சுதர்ஷினி மேடத்துக்கு வேண்டியிருந்ததோ வீதி விபத்தைக் குறைக்கும் ஆய்வு. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட டிலக்ஷனுக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம் போதுமாயிருந்தது. பஸ் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே ஒரு கமரா. அது அவருடைய கண்ணிமைகளைக் கவனிக்கும். இமை சரிந்தால் நித்திரை என்று முடிவு கட்டும். உடனே பக்கத்திலிருக்கும் திரையில் விழிமலர் என்ற பொம்மைப் பெண் தோன்றி, 'அன்பு ஓட்டுநரே, விழித்தெழுங்கள்!' என்பாள். அவள் கூடையிலிருந்து இறால்கள் துள்ளி விழும். ஓட்டுநர் அவற்றை விரலால் தட்டித் தட்டிப் பிடிக்க வேண்டும். பிடிக்கப் பிடிக்க மூளை சுறுசுறுப்பாகும். போதிய இறால் சேர்ந்ததும் விழிமலர் பாராட்டிவிட்டு மறைந்துவிடுவாள்.

"சேர், ஒரு சின்னச் சந்தேகம்," என்றாள் அவருடைய ஆய்வு உதவியாளர் துஷாந்தி. "நித்திரை வாற மனுசன் ரோட்டைப் பாக்கோணுமோ, இறாலைப் பாக்கோணுமோ?"

டிலக்ஷன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அது ரெண்டாம் கட்ட ஆய்வு, துஷாந்தி. எல்லாத்தையும் ஒரே நாளில செய்ய ஏலாது."

முதற்கட்ட ஆய்வுக்கு அகப்பட்டவர் இராசதுரை. திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர் வழியாகச் சம்பூருக்கு ஓடும் தனியார் பஸ்ஸின் றைவர். அவரை யாரும் கேட்கவில்லை. பஸ் முதலாளிக்குத் திரை பளபளவென்று இருந்தது பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இராசதுரைக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது. காலை வெயில் கிண்ணியாப் பாலத்தில் முகத்தில் அடிக்கும்போது அவர் கண்ணைச் சுருக்குவார். விழிமலர் உடனே எழும்பிக் கூவுவாள். கொண்டக்டர் ஏதாவது பகிடி விட்டு அவர் சிரித்தாலும் கூவுவாள். தும்மினால் சொல்லவே வேண்டாம். நாள்தோறும் அந்தப் பஸ்ஸில் சம்பூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் மரியமலர் ரீச்சர் முன் இருக்கையிலிருந்து அதட்டினார்.

"என்ன இராசதுரை, வீட்டில நித்திரை கொள்றேல்லையோ?"

"ஐயோ ரீச்சர், சத்தியமா நான் முழிப்பாத்தான் இருக்கிறன். இந்தப் பெட்டை சும்மா கத்துறாள்."

பிறகு ஒரு நாள், அவளை நிறுத்துவதற்காக வேண்டாவெறுப்பாக இறாலைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பொன்னிறத்தில் ஒரு பெரிய இறால் விழுந்தது. இராசதுரை அதை லாவகமாகப் பிடித்தார். திரையில் வாணவேடிக்கை வெடித்தது. பின்னால் யாரோ கைதட்டினார்கள். அத்தனை வருடம் பஸ் ஓட்டியும் இராசதுரைக்கு ஒருவரும் கைதட்டியதில்லை.

அதோடு ஆள் மாறிவிட்டார். நேரான ரோட்டில் ஏறியதும் வேண்டுமென்றே கண்ணைச் சொக்கவிடுவார். விழிமலர் வருவாள்; இறால் கொட்டும். பயணிகள் முன்பக்கம் இடம் பிடிக்க நெருக்குப்பட்டார்கள். "அண்ணை, வலப்பக்கம்! வலப்பக்கம்!" என்று பஸ் முழுவதும் கத்தியது. அதட்டிக்கொண்டிருந்த மரியமலர் ரீச்சர்கூட, "அந்தச் சின்னதை விடுங்கோ, பெரிசு வருது," என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஆய்வு நிலையத்தில் இவை எதுவும் தெரியாது. அங்கே தெரிந்தது ஒரு கோடு மட்டும். இராசதுரை எத்தனை தடவை சொக்குகிறார் என்பதைக் காட்டும் கோடு, வாரத்துக்கு வாரம் தென்னை மரம் போல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. டிலக்ஷனுக்குப் புல்லரித்தது.

"பாத்தீரே! எவ்வளவு பயங்கரமான நிலைமை. எங்கட கருவி இல்லாட்டி இந்த மனுசன் எப்பவோ பஸ்ஸைக் கடலுக்குள்ள விட்டிருப்பான்."

"கமரா எடுத்த வீடியோவை ஒருக்காப் பாப்பமே, சேர்?"

"வீடியோப் பாக்கிறது ஆய்வில்லை, பிள்ளை. படம் பாக்கிறது. தரவு பொய் சொல்லாது."

சொன்னவர் காட்சி ஊடகத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். டிலக்ஷன் 'கீழைக் கரையோர ஓட்டுநர்களின் பிறவிச் சோர்வு' என்று ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். கட்டுரை ஏற்கப்பட்டது. சுதர்ஷினி மேடம் மகிழ்ந்துபோய், கொழும்பிலிருந்து விருந்தினர்களை அழைத்து, எல்லாருமாக அந்தப் பஸ்ஸிலேயே ஒரு பயணம் போய்வருவதென்று ஏற்பாடு செய்தார்.

பயண நாளில் டிலக்ஷன் கோட்டு அணிந்து, ஓட்டுநருக்குப் பக்கத்தில், இயந்திர மூடிமேல் மெத்தை போட்டு உட்கார்ந்துகொண்டார். விருந்தினர்கள் முன் வரிசைகளில். வழமையான பயணிகள் பின்னால் தள்ளப்பட்டதில் கறுவிக்கொண்டிருந்தார்கள். கிண்ணியா தாண்டியதும் இராசதுரை வழக்கம்போல் கண்ணைச் சொக்கவிட்டார். விழிமலர் எழும்பினாள்.

"கவனியுங்கோ," என்று டிலக்ஷன் பின்பக்கம் திரும்பிச் சொன்னார். "இப்ப ஓட்டுநர் ஆபத்தான நித்திரைக்குள்ள போறார்."

"அண்ணை, தொடங்குங்கோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பஸ் ஆரவாரித்தது. இராசதுரையின் விரல் திரையில் மின்னலாய்ப் பாய்ந்தது. கோடு ஏன் ஏறியது என்பது டிலக்ஷனுக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பொன்னிற இறால் திரையின் இடது மூலையில், அவர் பக்கமாகவே விழுந்தது. இராசதுரையின் கைக்கு அது எட்டவில்லை.

"சேர், விடாதேங்கோ!" என்றார் மரியமலர் ரீச்சர்.

டிலக்ஷன் தட்டினார்.

வாணவேடிக்கை வெடித்தபோது ரோட்டில் ஒரு எருமைக் கூட்டம் நின்றது. திரையிலிருந்து முதலில் கண்ணை எடுத்தவர் இராசதுரைதான். பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை ஒடித்தார். பஸ் எருமைகளை விட்டு விலகி, புல்லுக்குள் இறங்கி, ரோட்டோரத் தயிர்க்கடையின் பந்தலை இடித்துக்கொண்டு நின்றது. அடுக்கியிருந்த தயிர்ச் சட்டிகள் உருண்டு உடைந்தன. சில, திறந்திருந்த வாசலால் உள்ளே வந்து விருந்தினர்களின் மடியில் சரிந்தன. ஒருவருக்கும் காயமில்லை. அந்த அமைதியில் விழிமலரின் குரல் மட்டும் கேட்டது: 'வாழ்த்துக்கள்! நீங்கள் முழு விழிப்போடு இருக்கிறீர்கள்!'

கடைக்காரி இன்ஷிரா பந்தலின் பின்னாலிருந்து எழும்பி வந்தார்.

"கண்ணென்ன பிடரியிலயா வெச்சிக்கிட்டு ஓட்டுறீங்க? அல்லாஹ் காப்பாத்தினான், நான் சட்டி எடுக்கப் பின்னுக்குப் போனன்!"

டிலக்ஷன் கோட்டில் வழிந்த தயிரோடு இறங்கி, மறுநாளே நேரில் வந்து மன்னிப்புக் கேட்டு, பந்தலையும் திருத்தித் தருவதாகச் சொன்னார். சொல்லும்போது அதை அவர் நம்பவும் செய்தார்.

மறுநாள் விசாரணை வைத்தார்கள். நீள மேசையின் ஒரு முனையில் இராசதுரையை இருத்தினார்கள். டிலக்ஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நடந்தது மனிதத் தவறு என்றும், கருவி தன் கடமையைச் சரியாகச் செய்தது என்றும், விபத்து நேர்ந்தபோது ஓட்டுநர் நித்திரையில் இருக்கவில்லை என்பதே ஆய்வின் வெற்றி என்றும் விளக்கினார்.

"ஓம், நான் விளையாடினனான்," என்றார் இராசதுரை. "இல்லையெண்டு சொல்லேல்லை. பஸ்ஸை இடிச்சது நான்தான். ஆனா அந்தப் பெரிய இறாலைத் தட்டினது ஆர், சேர்?"

"நான் ஒண்டையும் தொடேல்லை," என்றார் டிலக்ஷன்.

துஷாந்தி எழும்பி, ஒருவரிடமும் அனுமதி கேளாமல், வீடியோவைச் சுவரில் ஓடவிட்டாள். இராசதுரையின் முகம் தெரிந்தது. பக்கவாட்டிலிருந்து கோட்டுக் கை ஒன்று நீண்டது. அதைத் தொடர்ந்து, நாக்கை ஒரு ஓரமாகக் கடித்தபடி, பரிசு வாங்கப்போகும் பிள்ளையின் பூரிப்போடு கலாநிதி டிலக்ஷனின் முகம் படத்துக்குள் வந்தது. டிலக்ஷன் தன் முகத்தை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. காது மடல் சுட்டது. இனி வேலை போய்விடும் என்றே நினைத்தார்.

சுதர்ஷினி மேடம் வீடியோவை மறுபடி போடச் சொன்னார். பின்னும் ஒருமுறை போடச் சொன்னார். பிறகு கேட்டார்:

"டொக்டர், இந்த விளையாட்டில இறாலுக்குப் பதிலா வேற பொருளும் விழுத்தலாமோ? சவர்க்காரம், பிஸ்கட் மாதிரி? விளம்பரத்துக்கு?"

அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. கமராவைக் கழற்றுவது. பயணி இருக்கைகளின் முதுகில் திரை பொருத்துவது. ஓட்டுநர் பாதுகாப்பு, மேலும் ஆழமான ஆய்வு தேவைப்படும் விடயமாகையால், அதை இப்போதைக்கு ஒத்திவைப்பது. டிலக்ஷனைப் பிரிவுத் தலைவராக்குவது. பலகையின் முன்பாதியை அறுத்தெடுத்தார்கள். மீதி கதவுக்கு அளவாக இருந்தது.

துஷாந்தி அந்த மாதத்தோடு வேலையை விட்டு, லிங்கநகரில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். போகும்போது வீடியோவின் ஒரு பிரதியை இராசதுரையின் போனுக்கு அனுப்பிவிட்டுத்தான் போனாள். அதைப் பார்த்த பஸ் முதலாளிக்கு அவரை நிறுத்த மனம் வரவில்லை. விழுந்து விழுந்து சிரித்தபின் ஒருவரை எப்படி நிறுத்துவது? இராசதுரை விடுமுறை நாளொன்றில் ஓலைக் கிடுகும் கம்பும் கொண்டுபோய் இன்ஷிராவின் பந்தலைக் கட்டிக்கொடுத்தார். வீடியோ கிண்ணியாவில் ஏறி, மூதூரில் இறங்கி, சம்பூர் வரை போயிற்று. டிலக்ஷன் அன்புவழிபுரத்தில் மரக்கறிக் கடைக்குப் போனாலும் யாராவது ஒருவர், "இறால் டொக்டர் வாறார், வழி விடுங்கோ," என்றார்.

பிரிவுத் தலைவருக்கு மாதத்தில் ஒரு தடவையாவது மூதூரில் கூட்டம் இருக்கும். தயிர்க்கடை வழியாகப் போக அவருக்கு முகமில்லை. துறைமுக இறங்குதுறையில் காத்திருந்து மூதூர் போகும் லோஞ்சுப் படகில் ஏறுவார். கடற்பயணம் அவருக்கு அறவே ஒத்துக்கொள்ளாது. ஆட்கள் அடையாளம் கண்டுவிடாமலிருக்கப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, அக்கரை சேரும்வரை வாந்தி எடுத்துக்கொண்டே போவார்.