மிதித்துப் பார்த்து வாங்கிய கல்

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, நல்லம்மாள் ஜல்லிக் குவியலின் மேல் கண்ணை மூடி நிற்கிறாள், ஒரு கால், மறு கால், நிறுத்தி, மறுபடி ஒரு கால், கல் நறநறவென்று பேசுகிறது, இந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் எட்டுமா, மிக்சி ஓடும்போது எட்டுமா, அசந்து தூங்கிவிட்டால் எட்டுமா என்று வெறும் காதாக நிற்கிறாள், கீழே நின்ற யார்டுக்காரர் வேலுச்சாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏனுங்கக்கா, கல்லு வாங்க வர்றவீங்க கையில அள்ளிப் பாப்பாங்க, நீங்க என்னமோ தீக்குண்டம் எறங்கற மாதிரியில்ல மெதிச்சுப் பாக்கறீங்க என்றார், அவள் கண்ணைத் திறக்காமலே, எனக்குச் சத்தம் வேணுமுங்க தம்பி, கார் நிக்கறதெல்லாம் அப்புறம், மனுசன் நடந்தாக் கேக்கோணும் என்றாள். கார் மகன் தரணியுடையது, பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் மழைச் சேற்றில் சக்கரம் புதைந்து அவன் படாதபாடு படுகிறான், பேவர் பிளாக் போட்டுரலாம்மா, சுத்தமா இருக்கும் என்று போனில் சொன்னான், சுத்தமாகத்தான் இருக்கும், சத்தமே இருக்காதே என்று இவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், வாய்விட்டு, எனக்குக் கல்லுதான் வேணும் கண்ணு என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியது அவர் போகிற சத்தம். அவர் என்றால் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது மறதி நோய் வந்து ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டிருக்கிறவர், முதலில் சாவி வைத்த இடம் போயிற்று, பிறகு மகன் பெயர், பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பது, எல்லாம் போன பிறகும் விடியற்காலை முதல் வண்டி மட்டும் போகவில்லை, அந்த நேரம் வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அந்த நாளில் தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, வர்றேன் அம்மிணி என்பார், இவள் அடுப்படியிலிருந்து போயிட்டு வாங்க என்பாள், நாளெல்லாம் ஊராரைப் பார்த்துப் போலாம் போலாம் என்று கத்துகிற வாய், வீட்டு வாசலில் ஒருநாள்கூடப் போறேன் என்று சொன்னதில்லை, போகிறவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், சொல்லிவிட்டால் வந்தாக வேண்டுமே, அவரும் வந்துகொண்டேதான் இருந்தார். இப்போது பையும் இல்லை, அந்தச் சொல்லும் இல்லை, வெறுங்காலோடு பூனை மாதிரி போய்விடுகிறார். மாசி மாதத்தில் அப்படித்தான், இவள் சட்னிக்கு மிக்சியைப் போட்டு நிறுத்துவதற்குள் ஆளைக் காணோம், தேடித் தேடிப் பொழுது சாய்கிற நேரத்தில், ஏதோ ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நின்று டிக்கெட் டிக்கெட் என்று கையை நீட்டிக்கொண்டிருந்தவரை யாரோ அடையாளம் கண்டு கொண்டுவந்து விட்டார்கள், பாதமெல்லாம் கொப்புளம், அந்தப் பாதத்துக்கு எண்ணெய் தடவும்போது இவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது, அடுத்த தடவை கண்டுபிடிக்க யாரும் இல்லாமல் போனால்.

கேட்டைப் பூட்டியும் பார்த்தாள், மகன் சொல்லித்தான், அன்றைக்கு அவர் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, சாமி, வண்டி போயிரும், தொறந்து உடுங்க என்று சின்னப் பிள்ளையாக அழுதார், தெருவே வந்து பார்த்தது, அந்தப் பூட்டை அன்றைக்கே கிணற்றில் போட்டுவிட்டாள். ஆட்டுக்குக் கட்டுகிற மணியை அவர் இடுப்பில் கட்டினால் என்ன என்றுகூட நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். கண் செருகினால் கனவு, கனவில் அமராவதி ஆறு தண்ணீரில்லாமல் கிடக்கிறது, கல்யாணமான புதிதில் அவரோடு நடந்த அதே ஆறு, கூழாங்கல்லின் மேல் அவர் முன்னே போகிறார், வெட்கத்தில் தலை குனிந்து இவள் பின்னே போகிறாள், நிமிராமலே கல் சத்தத்தை வைத்து அவர் எத்தனை தூரத்தில் போகிறார் என்று தெரிகிறது, சத்தம் நின்றால் அவர் திரும்பிப் பார்க்கிறார் என்று அர்த்தம், என்ன அம்மிணி, காலு வலிக்குதா என்கிறார், அப்புறம் அந்தக் கல்லின் மேலேயே ஒரு பஸ் வருகிறது, அவர் படியில் தொற்றிக்கொண்டு போலாம் ரைட் என்கிறார், அவள் ஓடுகிறாள், கால் நகரவில்லை, விழித்தால் பக்கத்துக் கட்டில் காலியாக இருக்குமோ என்று கை துழாவுகிறது. ஒரு விடியலில் அப்படித் துழாவி அவர் கை அகப்பட்டபோதுதான் கல் என்கிற யோசனையே வந்தது, ஆற்றில் கேட்டதே அந்தச் சத்தம், அதை வாசலில் கொண்டுவந்து கொட்டினால் என்ன.

யார்டில் எல்லாக் குவியலும் ஏறி இறங்கியாயிற்று, பொடி ஜல்லி மணல் மாதிரி அமுங்குகிறது, ஒன்றரை இன்ச் ஜல்லியில் கணுக்கால் பிசகுகிறது, முக்கால் இன்ச் ஜல்லி நன்றாகச் சத்தம் போடுகிறது, ஆனால் விளிம்பெல்லாம் குத்துகிறது, செருப்பை மறந்துவிடுகிற மனிதருக்கு அது ஆகாது. கடைசியில் மூலையில் கிடந்த கூழாங்கல்லில் கால் வைத்தாள், வழவழவென்று பாதத்துக்கு இதமாக, ஆனால் ஒன்றோடொன்று உரசிக் கலகலவென்று, ஆற்றில் கேட்ட அதே சத்தம், இதைப் போடுங்க தம்பி என்றாள். இது தோட்டத்துல அழகுக்குப் போடறதுங்கக்கா, காரு ஏறுனாச் சிதறிப் போயிரும் என்றார் வேலுச்சாமி, சிதறுனாப் பெருக்கிக்கறேன் என்றாள், வேண்டாத மருமகள் கைபட்டாலும் குற்றம் கால்பட்டாலும் குற்றம் என்கிற மாதிரி மகன் இந்தக் கல்லைக் குறை சொல்லத்தான் போகிறான், சொல்லட்டும். வீட்டில் தனியாக விட முடியாமல் கூட்டி வந்திருந்த சென்னியப்பன், லோடு ஏற்றிய லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, போலாம் ரைட் என்றார், டிரைவர் சிரித்துக்கொண்டே சரிங்ணா என்றான், வழியெல்லாம் அவர் முகம் அத்தனை தெளிச்சியாக இருந்தது, அதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளும் சிரித்தாள், சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல் கேட்டிலிருந்து படி வரைக்கும் பரவிக் கிடந்தது, கல் வாக்குத் தவறவில்லை, மறுநாள் விடியலிலேயே கலகலவென்று கேட்டது, விழுந்தடித்து ஓடினாள், தெருமுனை தாண்டுவதற்குள் எட்டிப் பிடித்துவிட்டாள், வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போலாம் என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள், ஜெயித்துவிட்டோம் என்று மனசு கூத்தாடியது. கேட்டுக்குள் ஓர் அடி வைத்தவர் காலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார், இது நம்மூடு இல்லீங்க என்றார். நம்மூடுதானுங்க, பாருங்க என்றாள். இல்லீங்கம்மா, நம்மூட்டு வாசலு மண்ணு, சாணி தெளிச்சுக் கோலம் போட்டிருப்பா, இங்க ஒரே கல்லாக் கெடக்குது, ஆத்துக்குக் கூட்டியாந்துட்டீங்க என்று கையை உதறினார், பிறகு வழி கேட்கிற மனிதருக்குரிய பணிவோடு, இங்க கண்டக்டர் ஊடு எதுங்க, நல்லம்மான்னு ஒரு பொம்பள, தேடிட்டு இருப்பா என்றார்.

அவர் போவதைக் கேட்கத்தான் அத்தனை கல்லை மிதித்தாள், அவர் திரும்பி வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டும் என்பதை அவள் நினைக்கவே இல்லை. கொஞ்சம் நில்லுங்க, காட்டறேன் என்றவள் கேட்டருகே மண்டியிட்டு, இரண்டு கையாலும் கல்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கினாள், ஒதுக்கிக்கொண்டே முழங்காலால் நகர்ந்தாள், நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது, கல்லுக்கு அடியிலிருந்து ஈர மண் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு, வாசல்படி வரைக்கும் நீளமாக வெளியே வந்தது. அவர் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார், இதேதான் என்றார், கல்லில் கால் படாமல் பார்த்துப் பார்த்து நடந்து படியேறியவர் திரும்பி நின்று கையெடுத்துக் கும்பிட்டு, ஊடு காட்டிக் குடுத்தீங்க, நல்லா இருக்கோணும், வர்றேனுங்கம்மா என்றார். எத்தனையோ காலமாக அவள் காத்துக் கிடந்த சொல், வழி காட்டிய யாரோ ஒருத்திக்குச் சொல்கிற மாதிரி வந்தது, பதில் சொல்லாமல் இருக்கக் கூடாதே, போயிட்டு வாங்க என்றாள் நல்லம்மாள், அவர் உள்ளே போனார். அவள் அங்கேயே, ஒதுக்கிய கூழாங்கல்லின் மேல் வெறுங்காலோடு கண்ணை மூடி நிற்கிறாள், நாளைக்கு அவர் போவார், இந்த மண்ணில்தான் போவார், ஒரு சத்தமும் வராது, ஒரு கால், மறு கால், நிறுத்தி, மறுபடி ஒரு கால் வைக்கிறாள், கல் கலகலவென்கிறது, அவள் நடந்தால் மட்டும் கேட்கிறது.