நாலும் மூணும்

வெள்ளைத்துரை படியில் கால் வைத்ததும் பேச்சியம்மாள் எழுந்து வந்து வாசலை மறித்தாள்.

“அங்கனயே நில்லுங்க. அவுக மேல ஒங்க கை படக்கூடாது.”

உள்ளே அவள் புருஷன் காசிராஜனைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். விடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கும் நீர்மாலைக்கு உடன்பிறந்த தம்பி வெள்ளைத்துரைதான் முன்னால் போக வேண்டும். அவர் ஒன்றும் பேசாமல் இறங்கி வேப்பமரத்தடியில் நின்றார். அந்தப் பேசாமைதான் அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. மடியில் கனமில்லாத மனுஷன் நாலு வார்த்தை கத்தியிருக்க மாட்டாரா?

சண்டை கரண்டால் வந்தது. சிவகாசியில் சேர்ந்து நடத்திய அச்சாபீஸை அறுபத்தொன்றில் நடுவே சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். மெஷின் அண்ணனுக்கு. படமெடுத்து அச்சு பிளாக் செய்யும் அறையும் அதன் பெரிய பல்புகளும் தம்பிக்கு. கரண்டு லைன் மட்டும் ஒன்றுதான்; பில்லை மீட்டர் காட்டுகிறபடி பங்கிட்டுக் கட்டினார்கள். ஆளுக்கொரு ஆம்பியர் மீட்டரும் வாசலில் பொதுவாக ஒன்றும் வெள்ளைத்துரைதான் மாட்டினார். மெஷின் மீட்டர் நாலு காட்டும், பல்பு மீட்டர் மூணு காட்டும். பொது மீட்டரோ ஆறைக்கூட எட்டாது. நாலும் மூணும் ஏழு என்று சிவகாசிக்காரருக்கா தெரியாது! மெஷின் மீட்டர் கூடுதலாகக் காட்டும்படி தம்பி முள்ளைத் திருகிவிட்டான் என்று காசிராஜன் முடிவு கட்டினார். அதோடு பேச்சு நின்றது. காலண்டர் சீசனிலும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை மட்டும்தான் ஓடியது.

மதுரையில் இன்ஜினியரிங் படிக்கும் மகன் சோலைச்சாமி மத்தியானம் வந்து சேர்ந்தான். படிக்கிற பிள்ளைக்கு எதற்கென்று மீட்டர் கதையை அவனிடம் யாரும் சொன்னதில்லை. சித்தப்பா ஏன் வெளியே நிற்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவன், அம்மாவை மீட்டர் பலகைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

“மீட்டரெல்லாம் சரியாத்தாம்மா இருக்கும். கூட்டுனதுதான் தப்பு.”

“நாலும் மூணும் ஏழு இல்லையாலே?”

“இந்தக் கரண்டு முன்னயும் பின்னயும் மாறி மாறிப் போறது. பல்புல வோல்டேஜோட சேந்தே போகும். மெஷின் மோட்டார்ல இருக்க கம்பிச் சுருள் அதைக் கொஞ்சம் பிந்த வச்சிரும். கயிறு இழுக்க ரெண்டு பேர்ல ஒருத்தன் முந்தி, ஒருத்தன் பிந்தி இழுத்தா முழு வலு சேருமா? அதைக் கணக்காப் போட இன்னொரு எண்ணு வேணும். தன்னைத் தானே பெருக்குனா மைனஸ் ஒண்ணு வரும். கற்பனை எண்ணும்பாக.”

“செத்த மனுசனைப் பொய்யாக்க இல்லாத எண்ணையா கூட்டிட்டு வந்திருக்க?”

கொழுந்தன் மரத்தடியிலேயே இவனைப் பிடித்துப் பேசிவிட்டாரோ? பெற்ற பிள்ளையின் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தாள்.

“யாருலே ஒனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?”

அவன் போய் மெஷினைப் போட்டுவிட்டான்.

பேப்பர் இல்லாமல் வெறும் மெஷின் கடகடத்தது. ஒப்பாரி நின்றுபோனது. “எழவு வீட்டுல மெஷினா? கூறுகெட்ட பய!” என்று யாரோ கத்தினார்கள். அடிக்கக் கை ஓங்கிய அம்மாவைப் பலகைப் பக்கம் திருப்பினான்.

“மெஷின் மட்டும் ஓடுது. அய்யா மீட்டர் நாலு. பொது மீட்டரும் நாலு. பாத்துக்க.”

மெஷினை நிறுத்திவிட்டு, தெருவுக்குப் போய் சித்தப்பாவிடம் சாவி வாங்கி அவர் அறையில் பல்புகளைப் போட்டான். அங்கே மூணு, பொதுவிலும் மூணு. பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டான். தனி மீட்டர்கள் அதே நாலும் மூணும் காட்ட, பொது மீட்டர் முள் ஐந்தரையில் நின்றது.

பேச்சியம்மாள் சட்டென்று தெருவைத் திரும்பிப் பார்த்தாள். கொழுந்தன் மரத்தடியை விட்டு அசையவில்லை. மறுபடி முள்ளைப் பார்த்தாள். அதுவும் அசையவில்லை.

இத்தனை நாளும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே ஓடின. தனியாகப் போட்டுப் பார்க்க, ‘செத்த நேரம் நிறுத்து’ என்று ஒருவர் மற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

“உள்ள வாங்க, தம்பி.”

“முள்ளு சொன்ன பெறகுதான் கூப்பிடுதீக, மதினி.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பெஞ்சின் தலைமாட்டில் குனிந்தார். அண்ணனின் வாய் லேசாகத் திறந்திருந்தது. தாடையைச் சுற்றித் தளர்ந்து கிடந்த துணிக்கட்டை அவிழ்த்து, வாய் மூடும்படி பதமாக மறுபடி கட்டினார்.