இருநூற்று முப்பது கிலோமீட்டர் கூடுதல்

அலுவலகத்தில் அவளைக் ‘காத்து’ என்றுதான் கூப்பிடுவார்கள். விமானம் எந்த வழியாகப் போகவேண்டும், எவ்வளவு எரிபொருள் நிரப்பவேண்டும் என்று திட்டம் போட்டுத் தருவது அவள் வேலை. வாயைத் திறந்தால் காற்றைப் பற்றித்தான் பேச்சு.

அன்று காலை கடல் தாண்டிய நாட்டிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். இங்கே ஒருவர் தானம் செய்த கல்லீரலை அங்கே ஒரு பள்ளி ஆசிரியைக்குப் பொருத்தவேண்டும்.

“ரெண்டு மணிக்குள்ள விமானம் இறங்கணும்மா.”

“எந்த ஊர் மணி டாக்டர்? உங்க கடிகாரம் எங்களைவிட ஒன்றரை மணி முன்னால ஓடுது.”

“ரெண்டு கடிகாரத்தையும் விடுங்க. கிளம்பினதிலிருந்து நாலு மணி நேரம். அதுக்கு மேல ஆகக்கூடாது.”

இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். மற்ற நாளில் மூன்றே கால் மணி நேரம் போதும். அன்று பாதை முழுக்க எதிர்காற்று. கணக்கு நான்கு மணியைத் தாண்டியது. வடக்கே வளைந்து போனால் இருநூற்று முப்பது கிலோமீட்டர் கூடுதல். ஆனால் அங்கே காற்று அடங்கிக் கிடந்தது. மூன்று மணி முப்பத்தைந்து நிமிடத்தில் போய்விடலாம். அவள் யோசிக்கவே இல்லை, வடக்கு வழியைப் போட்டுவிட்டாள்.

விமானத்தை ஓட்டவிருந்த கேப்டன் அவளுடைய தாய்மாமா. வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

“ஏம்மா, இவ்வளவு அவசரத்துல ஊரைச் சுத்தச் சொல்றியே? இருபது வருஷமா இந்த வழியில கண்ணை மூடிக்கிட்டுப் போயிருக்கேன்!”

“இன்னிக்குக் கண்ணைத் திறந்துக்கிட்டுப் போங்க, சார்.”

பக்கத்து மேஜையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள்.

“மாமாகிட்ட பேசற பேச்சா இது?”

“நான் கேப்டன்கிட்டதான் பேசறேன்.” அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். “நேர் வழியில காத்து மூஞ்சியிலேயே அறையும். காலையில அப்படிப் போன விமானம் ஐம்பது நிமிஷம் லேட்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தானே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. திட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

பாதி வழியில் அவரிடமிருந்து செய்தி வந்தது: ‘காற்று நீ சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம்.’

அறையில் எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பியது. அவள் எண்களைத் தட்டிப் பார்த்தாள். ‘ஆறு நிமிடம்தான் கூடும். அப்படியே போங்கள்’ என்று பதில் அனுப்பிவிட்டு, டப்பாவைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மூன்று மணி நாற்பத்தொரு நிமிடத்தில் விமானம் இறங்கியது. மறுநாள் காலை டாக்டரே கூப்பிட்டார். “புதுக் கல்லீரல் வேலையை ஆரம்பிச்சிருச்சும்மா. டீச்சர் கண் முழிச்சிட்டாங்க!”

நன்றி சொல்லி போனை வைப்பதற்குள் மாமா உள்ளே வந்தார்.

“திரும்பும்போது நேர் வழியிலதான் வந்தேன். காத்து முதுகுல கைவச்சுத் தள்ளுது. ரெண்டே முக்கால் மணி நேரம்தான்!”

“தெரியும் மாமா. அந்தத் திட்டத்தையும் நான்தானே போட்டேன்.”

அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரி, நாளைக்கு எந்த வழி?”