குழாய்க்குள் வளர்ந்தவள்

சுண்டு ஏழு வயதில் வளர்வதை நிறுத்தினாள். பதினாறு வயதில், அவளுடைய அம்மா உர ஆலையில் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்த வாரம், மறுபடியும் வளர ஆரம்பித்தாள். முதலில் கவனித்தவர் அப்பா. தையல்காரர் கண்ணுக்கு விளிம்பு ஏறுவது தப்பாது. மகளின் கவுனை மடித்துத் தைத்த இடத்தைப் பிரித்துவிட்டார். அடுத்த மாதம் மறுபடியும் பிரித்தார். காரணம் வீட்டில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மூட்டை கட்டும் கூடத்தில் உரத்தூசு பனிமூட்டம் மாதிரி நிற்கும். அம்மா வேலை முடிந்து வரும்போது புருவம்வரை வெள்ளையாக இருப்பாள். மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். பயிருக்குச் செய்வதை அந்தத் தூசு பிள்ளைக்கும் செய்தது, அவ்வளவுதான். அம்மாவுக்கு அதே தூசு இருமலைக் கொடுத்தது. ராத்திரியெல்லாம் விலா நோக இருமிவிட்டு, காலையில் மகளைக் கதவோரம் நிறுத்தி உயரம் பார்ப்பாள். உயர்ந்திருந்தால் இருமல் இருமலாகவே தெரியாது.

மூன்று வருஷம் இப்படிப் போனது. சுண்டு பத்து வயதுப் பிள்ளையின் உயரத்தை எட்டியபோது ஆலைக்கு உறிஞ்சும் இயந்திரம் வந்தது. கூரையை ஒட்டி ஒரு பெரிய குழாய், அதிலிருந்து தூணுக்குத் தூண் கிளைக்குழாய்கள், கூடத்துக்கு வெளியே ஒரு மோட்டாரும் தூசியை வடிகட்டிச் சேர்க்கிற தொட்டியும். துடைப்பங்களையெல்லாம் வாங்கிக் குப்பையில் போட்டார்கள். அம்மாவையே அந்த இயந்திரத்துக்கு ஆளாகப் போட்டு, மோட்டார் பெட்டியின் சாவியைக் கையில் கொடுத்தார்கள். சிந்திய உரத்தைக் குழாய் வாயைக் காட்டி இழுத்துக்கொண்டே போனாள். ஒரு வாரத்தில் கூடத்தின் எதிர்ச்சுவர் தெரிந்தது. இரண்டாம் வாரம் அவள் இருமல் நின்றது. அதே வாரம் சுண்டு வளர்வதும் நின்றது.

நெஞ்சு நிறைய மூச்சு விட முடிந்ததே அம்மாவுக்கு உறுத்தியது. பிள்ளை வாயிலிருந்து பிடுங்கித் தின்றதுபோல இருந்தது. தொட்டியிலிருந்து ஒரு பிடி உரத்தை முடிந்துகொண்டுவந்து மகளின் தலையில் தூவிப் பார்த்தாள், அரிப்புதான் மிச்சம். பறந்து தானாக வந்து படிகிற தூசுக்குத்தான் அந்தக் குணம், கொண்டுவந்து கொட்டுவதற்கு இல்லை.

உரம் ஈரத்தைக் குடிக்கும் சாதி. இயந்திரம் வந்த ஐந்தாவது மழைக்காலத்தில் பெரிய குழாய்க்குள் அது கல்லாக இறுகி, இழுவை செத்துப்போனது. உள்ளே தவழ்ந்துபோய்ச் சுரண்ட ஒரு சின்ன ஆள் வேண்டும் என்று ஃபோர்மன் விசாரித்தபோது, கூடமே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் முடியாது என்று தலையாட்டினாள். ஆனால் செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது.

"நான் போறேன்மா."

"உள்ள தட்டினா தூசு பறக்கும்டி. பறந்தா நீ என்ன ஆவேன்னு தெரியாதா உனக்கு?"

"தெரிஞ்சுதான் போறேன். இருபத்திநாலு வயசாச்சு எனக்கு. இன்னும் பஸ்ல அரை டிக்கெட்தான் கிழிக்கிறாங்க."

அப்பா ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்தே இருந்தார். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

மறுநாள் ஆலையில் அம்மா தன் கையாலேயே மோட்டார் பெட்டியைப் பூட்டினாள். மகளின் முகத்தில் ஈரத்துணியைக் கட்டினாள். சுண்டு சுத்தியலோடும் உளியோடும் உள்ளே போனாள். தட்டும் சத்தம் நடுக்கூடம்வரை நகர்ந்தது. கட்டிகள் பொலபொலவென்று உதிர்ந்து, திறந்திருந்த குழாய் வாய் வழியாக வெள்ளைப் புகை வந்தது. பிறகு சத்தம் நின்றது.

"அம்மா, தோள் இடிக்குது."

"பின்னாடியே வந்துடு!"

"முடியலம்மா. முட்டி மடங்க மாட்டேங்குது."

அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, முட்டையை விழுங்கிய பாம்புபோலக் குழாய் ஓரிடத்தில் புடைப்பது. ஃபோர்மன் கெட்டவர் இல்லை, பயந்தவர். "மோட்டாரைப் போடுங்கம்மா. இழுக்கிற வேகத்துல தானா வந்துடுவா. சாவி எங்க?"

"இழுத்தா பிள்ளை வராது, பிள்ளையோட தோல்தான் வரும். பைப்ப அறுங்க."

"அறுத்தா ஆலை நின்னுடும்மா. மேல கேக்காம என்னால..."

"நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் சாவியை வாயில் போட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள். மேலே குழாய் முனகியது. ஒரு திருகாணி தெறித்துத் தரையில் விழுந்து உருண்டது. அப்போதுதான் ஃபோர்மன், போனால் வேலைதானே என்று வெல்டரைக் கூப்பிட்டார்.

தீப்பொறி படக் கூடாதென்று வெல்டர் ரம்பத்தாலேயே மெல்ல அறுத்தார். முதலில் ஒரு கால் வந்தது. அது முடியவே இல்லை. ஏணியில் நின்றவர்கள் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். கிழிந்த உடைமேல் சாக்கைச் சுற்றிக்கொண்டு அவள் எழுந்து நின்றபோது ஃபோர்மனின் தலை அவள் மார்புக்குத்தான் வந்தது. அவள் குனிந்து இருமினாள். அம்மா மூன்று வருஷம் இருமிய அதே இருமல். மருத்துவர் பிறகு பார்த்துவிட்டு, இது போகாது, குறைக்கலாம் என்றார்.

அம்மா வாயிலிருந்து சாவியை எடுத்துத் துடைத்து ஃபோர்மனிடம் கொடுத்தாள். வேலை இருக்குமா என்று கேட்கவில்லை. மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், தோள் எட்டவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் இரண்டு முழு டிக்கெட் கிழித்தார். சுண்டு தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு வீடுவரை இருமிக்கொண்டே வந்தாள்.

அப்பா நாற்காலிமேல் ஏறி மகளுக்கு அளவெடுத்தார். மறுவாரம் மேஸ்திரி வந்து வாசல் நிலையை இரண்டு முழம் உயர்த்தினார். இந்தத் தெருவில் நெட்டையாக யாரும் இல்லாதது ஒரு குறைதான் என்று சொல்லிக்கொண்டே காரையை வழித்தவர், எப்படியும் சுவரை உடைத்தாயிற்று, ஜன்னலையும் பெரிதாக்கிவிடட்டுமா என்று கேட்டார்.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அது அடங்கும்வரை அம்மா காத்திருந்தாள்.

"எவ்வளவு பெருசா முடியுமோ அவ்வளவு பெருசா வைங்க" என்றாள்.