பெட்டி மேல் போட்ட பழி

பதினோரு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். பேர்போன கம்பெனி மருந்தும் விலை குறைந்த ஜெனரிக் மருந்தும் ஒன்றுதான், பெட்டிதான் வேறு என்று வருகிறவர்களிடமெல்லாம் கரடியாய்க் கத்தியிருக்கிறேன். அந்த வாயால்தான் பொய் சொன்னேன்.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டில் என்னுடைய சிறுநீரகம் மட்டும்தான் அவனுக்குப் பொருந்தியது. "பதினாலு கிலோ குறைச்சிட்டு வாங்க, அப்புறம்தான் ஆபரேஷன்" என்றார் டாக்டர். எடை குறைய வாரம் ஒரு ஊசி எழுதித் தந்தார், நானே போட்டுக்கொள்கிற மாதிரி. ஜெனரிக்கே வாங்கினேன்.

மூன்று மாதம் போயிற்று. ஆஸ்பத்திரி எடைமெஷினில் ஒரு கிலோ கூடியிருந்தது.

"விலை கம்மியா வாங்கினா இப்படித்தான் அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"அப்படித்தான் போல" என்றேன். மருந்து எதிர்த்துப் பேசவா போகிறது?

உண்மையில் ஒரு ஊசிகூட நான் போட்டுக்கொள்ளவில்லை. ஆபரேஷன் என்றாலே எனக்குப் பயம். மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. எடை குறையாவிட்டால் டாக்டரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார், நானும் நல்ல அக்காவாகவே இருந்துவிடலாம். எப்படிப்பட்ட மனசு பாருங்கள். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் தம்பி டயாலிசிஸ் முடிந்து நேராகக் கடைக்கே வந்துவிட்டான். கையில் பிளாஸ்திரி, உதடெல்லாம் வெளுத்திருந்தது. என்னுடைய மருந்துச்சீட்டைக் கவுண்டரில் வைத்தான்.

"கம்பெனி மருந்தே குடுக்கா. உனக்குத்தான். நானும் அவளும் பேசி முடிவு பண்ணிட்டோம், வேணாம்னு சொல்லாதே."

ஃபிரிட்ஜைத் திறந்தேன். இரண்டு பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கம்பெனிப் பெட்டியை எடுத்து வந்து வைத்தேன். பில் போடத்தான் கை வரவில்லை.

"இது வேணாம்டா. ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்புறம் ஏன் குறையல?"

"நான் போடல. ஒண்ணுகூட போடல. எல்லாம் வீட்டுல ஃபிரிட்ஜிலயே கெடக்கு."

திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சின்ன வயதிலிருந்தே நாங்கள் எலியும் பூனையும்தான். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயமாக்கா?"

"ஆமா."

"மொதல்லயே சொல்லியிருந்தா வேற யாரையாவது தேடியிருப்பேனே. மூணு மாசம் போச்சேக்கா."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிடு. நான் கோச்சுக்க மாட்டேன். ஆனா இப்பவே சொல்லு. இன்னொரு தடவை காத்திருக்க எனக்கு நாள் இல்ல."

"தர்றேன்டா." இன்னொரு தடவை சொன்னேன். "பயம் போகல. ஆனா தர்றேன்."

அவன் கம்பெனிப் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்தான். அத்தனை நேரம் நின்றதில் அவன் கால் வீங்கியிருந்தது.

"சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன், அங்க கெடக்கிறதையே என் கண்ணு முன்னால போட்டுக்கோ. இனிமே வாராவாரம் வருவேன்."

பிறந்ததிலிருந்து நான் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பினவன். சரி, வாடா என்றேன்.