ஒரே பூச்சு, இருபத்துநான்கு மணி நேரம்

ரமா கண்ணை மூடச் சொன்னாள், மூடினேன். அவள் விஷயத்தில் நான் செய்த தவறுகளில் அது இரண்டாவது. முதலாவதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

அன்று ஜூன் பதினான்கு, சனிக்கிழமை. மாலின் கீழ்த்தளத்தில், ஒரு வெளிநாட்டு மேக்கப் கம்பெனியின் கவுண்டரில், உயரமான சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கவுண்டருக்கு ரமாதான் பொறுப்பு. குடியாத்தத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை நாங்கள் ஒரே பெஞ்ச். அவள் கல்யாணமாகி ஒக்கலிபுரத்துக்கு வந்தாள், நான் வேலை கிடைத்து காக்ஸ் டவுனுக்கு வந்தேன். கன்னடம் பேசும் இந்த ஊரில் என்னை ‘டி’ போட்டுக் கூப்பிட அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

என் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் ஒரு தழும்பு உண்டு. பள்ளிக்கூட லேபில் அமிலம் தெறித்தது. பத்தொன்பது வருஷமாகிறது. அதை மறைக்க வேண்டும் என்று நான் அதுவரை எதையும் வாங்கியதில்லை. இப்போது வாங்க வந்ததற்குக் காரணம் என் வேலை.

நான் ஓர் ஆன்லைன் டியூஷன் கம்பெனியில் இருக்கிறேன். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான வேதியியல் பாடங்களை எழுதுவது நான், கேமரா முன் நின்று சொல்வது லாவண்யா. ஆறு வருஷமாக அப்படித்தான். லாவண்யா பிரசவ விடுப்பில் போனதும் எங்கள் மேனேஜர் ஹரிஷ்குமார் கன்னடம் கலந்த தமிழில், “சும்னே வேற ஆளைத் தேடுவானேன் மேடம்? எழுதுற நீங்களே வந்து சொல்லுங்க” என்றார். ஜூலை ஐந்தாம் தேதி ஸ்டுடியோவில் ஒரு சோதனைப் படப்பிடிப்பு. சரியாக வந்தால் அந்த வருஷப் பாடம் முழுவதும் என் முகத்தோடு போகும். தழும்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததாலேயே எனக்கு அது முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ரமாவுக்கு போன் செய்தேன். “இத்தினி வருஷமா நான் இங்க இன்னாத்துக்கு நிக்கிறேன்? கிளம்பி வாடி” என்றாள்.

கவுண்டருக்கு மேலே பெரிய திரையில் ஒரு வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. ‘ஒரே பூச்சு, இருபத்துநான்கு மணி நேரம். லைட்டுக்கும் வேர்வைக்கும் அசையாது.’ ரமா நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டும்படித் திருப்பினாள்.

“கண்ணை மூடு. எட்டிப் பார்த்தே, கொட்டிடுவேன்.”

கன்னத்தில் முதலில் ஏதோ சில்லென்று அழுத்தமாகப் பட்டது. பிறகு மெத்தென்று ஏதோ தடவியது, லேசாகச் சாரல் அடித்தது. பிறகு ஈர ஸ்பாஞ்ச். பிறகு அவள் விரல்கள். நாற்காலி திரும்பியதும் கண்ணைத் திறந்தேன். தழும்பைக் காணோம். பதினாறு வயதோடு நின்றுபோன ஒருத்தி எனக்கு எதிரே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

“அழுதாலும் கலையாது பாரு!” என்று ரமா சிரித்தாள். “ஏய், அப்படியே இரு. ரியல் கஸ்டமர் வீடியோ ஒண்ணு கேட்டு எங்க ஏரியா மேனேஜர் உசுரை வாங்கறார். எடுத்துக்கட்டா? முன்னாடி போட்டோ என்கிட்ட இருக்கு.”

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் போனைப் பார்த்து, “ஒரே பூச்சுதான். என்னாலேயே நம்ப முடியல” என்று நானேதான் சொன்னேன்.

அன்று பஸ்ஸில் நின்றேன், தூறலில் நடந்தேன், சூடான சாம்பாரில் முகம் வேர்க்கச் சாப்பிட்டேன். இரவு ஒன்பதரை வரைக்கும் அது அசையவில்லை. நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் பாட்டிலை மேஜையில் வைத்து, நோட்டில் தேதி போட்டு, நேரங்களை வரிசையாக எழுதினேன். எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவுக்கே மனு எழுதித் தருகிறவள் நான். மேல்வீட்டு நோயல் சாருக்கு மூன்று தடவை மனு எழுதிப் பென்ஷன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தேதியும் விவரமும் சரியாக இருந்தால் கடிதம் தோற்காது என்பது என் எண்ணம்.

மறுநாள் காலை நானே போட்டுப் பார்த்தேன். தழும்பு மறையவில்லை. பூச்சுக்கு அடியில் சாம்பல் நிறத்தில், நேற்று இல்லாத ஒரு புது நிறத்தில் தெரிந்தது.

போன் செய்தால் ரமா, “கை பழகணும்டி. நீ தேய்ச்சிருப்பே. தட்டணும்” என்றாள்.

தட்டினேன். பிறகு பள்ளிக்கூடத்து செய்முறை நோட்டில் எழுதுவதுபோலவே எழுத ஆரம்பித்தேன்: நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, முடிவு. விரலால் ஒரு நாள், ஸ்பாஞ்சால் ஒரு நாள், பிரஷ்ஷால் ஒரு நாள். ஃபேனுக்குக் கீழே, ஃபேன் இல்லாமல். தழும்பு இல்லாத வலது கன்னத்தில் தனியாக ஒரு தடவை. அங்கே அருமையாக நின்றது, பத்து மணி நேரம். இடது பக்கத்தில் இரண்டு பூச்சு போட்டால் சிரிக்கும்போது வெடித்தது. டிஷ்யூவால் ஒற்றினால் டிஷ்யூவுக்குத்தான் நல்ல நிறம் வந்தது. அலுவலகத்தில் தர்ஷினி என்கிற சின்னப் பெண், “மேடம், நீங்க தினமும் ஒரு கலர்ல வர்றீங்க, நேத்து நல்லா இருந்துச்சு” என்றாள். நேற்று நான் எதுவும் போடவில்லை.

மொத்தம் பதினோரு சோதனை. இடது கன்னத்தில் அதிகபட்சமாகத் தாங்கியது ஒரு மணி ஐம்பது நிமிஷம். ஒவ்வொரு தடவையும் ரமாவைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு புதுக் குறை சொன்னாள். முகத்தைச் சரியாகக் கழுவவில்லை, சீக்கிரம் தொட்டுவிட்டாய், பாட்டிலைக் குலுக்கவில்லை. ஜூலை நாலாம் தேதி ‘முடிவு’ என்ற தலைப்பின் கீழ் நான் எழுதியது இது: ‘பொருள் சரியானது. குறை செய்பவர் கையில் உள்ளது.’

அந்த முடிவோடுதான் ஸ்டுடியோவுக்குப் போனேன். அதிகாலையிலேயே ரமாவை வரச் சொல்லியிருந்தேன். கவுண்டரில் லீவு கிடைக்கவில்லை என்றாள். நானே போட்டுக்கொண்டேன்.

பாடம் உப்புப் பகுப்பாய்வு. முதல் முக்கால் மணி நேரம் என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. கையில் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு, “சூடாக்கும்போது குழாயின் வாய் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து இருக்கக் கூடாது” என்று நான் எழுதிய வரியை நானே சொன்னேன். ஹரிஷ்குமார் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அப்போது பக்கத்து மானிட்டரில் என் கன்னத்தைப் பார்த்துவிட்டேன். விளக்குச் சூட்டில் பூச்சு விலகி, தழும்பின் ஓரம் ஒரு கோடாக எழுந்து வந்திருந்தது. அடுத்த வாக்கியம் வரவில்லை. நான் எழுதிய வாக்கியம், எனக்கே வரவில்லை.

“ஒரு பிரேக் எடுத்துக்கலாம் மேடம்” என்றார் ஹரிஷ்குமார்.

ஸ்டுடியோவின் மேக்கப்மேன் உத்தமன் வந்தார். கேஜிஎஃப்காரர், தினமும் ரயிலில் வந்து போகிறவர். என் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல சரக்குதான் மேடம். ஆனா உங்க தழும்புக்கு இது தனியா நிக்காது.”

“நின்னுச்சே. முதல் நாள் கடையில போட்டப்போ இரவு வரைக்கும் நின்னுச்சு.”

“நீங்க கண்ணாடியில பார்த்துக்கிட்டு இருக்கும்போதா போட்டாங்க?”

அவர் தன் பெட்டியைத் திறந்து, தடித்த க்ரேயான் மாதிரி ஒன்றை எடுத்தார். ஆரஞ்சு நிறம்.

“இதைக் கீழே வைப்பாங்க. அதுக்கு மேல பவுடர், அப்புறம் ஒரு ஸ்ப்ரே. எல்லாத்துக்கும் மேல கடைசியா உங்க பாட்டில். நாலு அடுக்கு. எங்க ஊர்த் திருவிழா நாடகத்துலயே இதைத்தான் பண்ணுவோம். இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல மேடம், ஏன் உங்ககிட்ட சொல்லல?”

சொல்லிக்கொண்டே அதைக் கன்னத்தில் வைத்தார். சில்லென்று, அழுத்தமாக. அதே இடம்.

உத்தமன் எல்லாவற்றையும் ஒழுங்காக மறைத்துவிட்டார். ஆனால் மறுபடி விளக்குக்கு முன் நின்றபோது, பாடம் இருந்த இடத்தில் ரமாவின் சிரிப்பு இருந்தது. ஆறு தடவை எடுத்தார்கள். ஆறு தடவையும் நடுவில் நின்றேன். திங்கட்கிழமை ஹரிஷ்குமார் அந்த இடத்தைத் தர்ஷினிக்குக் கொடுத்தார்.

“தழும்பாலயா சார்?” என்று கேட்டுவிட்டேன்.

“ஐயோ, அது எனக்கு மேட்டரே இல்ல மேடம். அதோடவே நில்லுங்கன்னு சொல்லலாம்னு இருந்தேன். நீங்க நடுவுல நின்னுட்டீங்க, அதான்.”

அன்று மாலை கம்பெனிக்கு எழுதினேன். பதினோரு சோதனைகளையும் தேதியோடு இணைத்தேன். திரையில் சொல்வது பொய் என்றும், அதற்குச் சாட்சியாக என் முகத்தையே காட்டுகிறீர்கள், அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்றும் கேட்டேன். போட்டவர் பெயரை எழுதவில்லை. நாலாம் நாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். பயன்படுத்திய முறையில் தவறு இருந்திருக்கலாம் என்றார்கள். முதல் நாள் வேறு பொருள் சேர்க்கப்பட்டது உண்மையானால், அதைச் செய்த ஊழியரின் பெயரைத் தெரிவிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரமா என் வீட்டுக்கு வந்தாள். புகார் விஷயம் அவள் கவுண்டர் வரைக்கும் போயிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

“பேர் எழுதிட்டியா?”

“இல்ல.”

“அப்பாடா.” கட்டிலில் உட்கார்ந்தாள். துப்பட்டாவின் நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். பொய் சொல்லும்போது அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன். “ஆரஞ்சு ஸ்டிக் எல்லாருக்கும் வைக்கறதுதான்டி. அது முன்னாடி வைக்கற ஒரு ப்ரெப் மாதிரி. உன்கிட்ட சொன்னேன்னுதான் நினைச்சேன்.”

“கண்ணை மூடச் சொன்னே.”

விரலில் சுற்றிய துணி நின்றது. “சரி, சொல்லல. அந்த மாசம் வீடியோ குடுக்காத கவுண்டருக்கு ஆளைக் குறைக்கறேன்னாங்க. உன் முகத்துல வந்தா மத்தது எல்லாம் எடுபடும்னு தோணுச்சு. நீயும் எவ்வளவு சந்தோஷப்பட்டே! யாருக்கு இன்னா நஷ்டம்?”

“பதினோரு தடவை போன் பண்ணேன் ரமா. பதினோரு தடவையும் என் கையைக் குறை சொன்னே.”

“இன்னா பண்ணச் சொல்றே? கடைசியில உண்மையைச் சொன்னா நீ கத்துவே.” முன்னால் நகர்ந்து என் கையைப் பிடித்தாள். “இப்ப ஒரு லைன் எழுதிடு. நான்தான் கவனிக்காம தப்பாப் போட்டேன், புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்னு. ஒரே லைன். உன் எழுத்துக்கு யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. அன்னைக்கு ஹெச்.எம். பேசினாரா?”

இப்போது முதல் தவறைச் சொல்ல வேண்டும்.

ப்ளஸ் டூவில், 2006 நவம்பர் 23, வியாழக்கிழமை. உப்பில் அடர் கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கிக்கொண்டிருந்தவள் ரமா. பின் பெஞ்சில் யாரோ ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே திரும்பினாள். குழாயின் வாயும் அவளோடு திரும்பியது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் ஓரமாக நின்று அழுதாள். இன்னொரு புகார் வந்தால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அவள் அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் பேப்பர் கேட்டு வாங்கினேன். ‘மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, குழாய் என் கையில்தான் இருந்தது. என் கவனக்குறைவால் நேர்ந்தது.’ கையெழுத்து கோணாமல் இருக்க இரண்டு தடவை எழுதினேன்.

“நான் ஏன் அப்படி எழுதினேன்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன்.

“ஏன்னா? நடந்ததை எழுதினே.”

“குழாய் யார் கையில இருந்துச்சு?”

“உன் கையிலதான்டி.” அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். “நான்தான் உன்னைத் தூக்கிக்கினு குழாயடிக்கு ஓடினேன், தண்ணி ஊத்தினேன். நீ எப்பவுமே கொஞ்சம் கவனக்குறைவுதான். லேபுல உன் மேல தப்பு, நான் ஏதாவது சொன்னேனா? தினமும் ஆஸ்பத்திரிக்கு வரலையா?”

நான் அவள் கைகளைப் பார்த்தேன். துப்பட்டா மடியில் அப்படியே கிடந்தது. விரல்கள் அதன் பக்கம் போகவே இல்லை.

அவள் பொய் சொல்லவில்லை. என் கடிதத்தை நம்பிவிட்டாள்.

அவள் தெரிந்தே மறைக்கிறாள் என்றால்கூட எங்களுக்குள் ஏதோ மிச்சம் இருந்திருக்கும். என்றாவது ஒருநாள் வாய் விட்டுச் சொல்வாள் என்று பத்தொன்பது வருஷமாக, கேட்காமலே, நான் காத்திருந்திருக்கிறேன். அவளுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை.

“எழுதறேன், நீ போ” என்றேன்.

“கண்டிப்பா? வேலை போச்சுன்னா பையன் ஸ்கூல் ஃபீஸுக்குத் திண்டாடணும்டி.”

“கண்டிப்பா எழுதறேன்.”

வாசலில் திரும்பி, “அந்த பாட்டில் வேணாம்னா குடு, மாத்தித் தரேன்” என்றாள். வேண்டாம் என்றேன்.

கம்பெனிக்குப் பதில் எழுத இருபது நிமிஷம் ஆனது. ரமாவின் பெயரையும், கவுண்டரையும், நாளையும், நாலு அடுக்கையும் எழுதினேன். பிறகு அனுப்பினேன்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். இதைக் கையால்தான் எழுத வேண்டும். பழைய ஹெச்.எம். ஓய்வு பெற்றிருப்பார், இருந்தாலும் பதவிக்குத்தானே கடிதம்.

‘பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள். பொருள்: 23.11.2006 விபத்து குறித்து நான் கொடுத்த கடிதத்தில் திருத்தம். ஐயா, மேற்படிக் கடிதத்தில் சோதனைக் குழாய் என் கையில் இருந்ததாக எழுதியிருந்தேன். அது உண்மை அல்ல. குழாய் என் கையில் இல்லை. இதைப் பழைய கோப்பில் சேர்த்துவிடும்படிக் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தமயந்தி, பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.’

குழாய் யார் கையில் இருந்தது என்று கேட்டு எழுதுவார்களா என்று யோசித்தேன். யாரும் கேட்கப்போவதில்லை. அந்தக் கோப்பே இருக்காது. ஆனாலும் அடியில் ‘நகல்’ என்று எழுதி, அதற்கு நேரே ரமாவின் பெயரையும் ஒக்கலிபுரம் முகவரியையும் எழுதினேன். இரண்டாவது தாளில் முதல் வரியிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தேன், கையெழுத்து கோணாமல்.